உடனிருந்து உதவும் கலை

நோயாளிக்கு மருந்து கொடுப்பவருக்குப் பயிற்சி வேண்டும். குழந்தைக்கு எழுத்தறிவிப்பவருக்குப் பயிற்சி வேண்டும். பேருந்து ஓட்டுபவருக்கும் பயிற்சி வேண்டும். இவற்றை மறுப்பார் இல்லை. ஆயினும், அறிவு வளர்ச்சியில் குறை நேர்ந்த ஒருவருடன் இருந்து, அவர் உண்ணவும் உடுக்கவும் உறங்கவும் உதவி, அவருடைய அன்றாட வாழ்வைத் தாங்கி நிற்கும் பணியாளருக்குப் பயிற்சி எதற்கு என்று கேட்போர் இன்றும் உளர். இரக்கமுள்ள மனமும் சிறிது பொறுமையும் இருந்தால் போதாதா என்பது அவர்கள் கேள்வி. போதாது என்பதே வரலாறு தரும் விடை. ஏன் போதாது, எத்தகைய பயிற்சி வேண்டும் என்பவற்றை இங்கிலாந்தும் வேல்சும் பெற்ற அனுபவத்தைக் கொண்டு எடுத்துரைக்க விரும்புகிறேன். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அங்கே இக்கேள்வி திரும்பத் திரும்ப எழுந்திருக்கிறது; ஒவ்வொரு முறையும் பெருவிலை கொடுத்தே விடை கற்கப்பட்டிருக்கிறது.

முதலில் ஒரு சொல் விளக்கம். கற்றல் குறைபாடு என்று நாம் சொன்னால், எழுத்துக்கூட்டிப் படிப்பதிலும் கணக்கிடுவதிலும் இடர்ப்படும் பள்ளிப் பிள்ளைகளே நம் நினைவுக்கு வருவர். இங்கிலாந்தில் அச்சொல்லுக்குப் பொருள் வேறு. புதியவற்றைப் புரிந்துகொள்வதிலும், தம் காரியங்களைத் தாமே செய்துகொள்வதிலும் இளமை தொட்டே குறை உடையவர்களை அச்சொல் குறிக்கும். நாம் அறிவுசார் குறைபாடு என்று வழங்குவது இதுவே. இவர்களுள் தனியே பேருந்தேறி வேலைக்குச் சென்று வருபவரும் உண்டு. ஒரு சொல்லும் பேசாது, பிறர் கையால் உண்பவரும் உண்டு. குறை பலவகைப்பட்டது. ஆகவே உதவியும் ஆளுக்கு ஆள் வேறுபடும். இந்த ஓர் உண்மையை மனத்திற் கொண்டால், பின்வரும் செய்திகள் யாவும் எளிதில் விளங்கும்.

1960களில் இங்கிலாந்திலும் வேல்சிலுமாக ஏறத்தாழ 60,000 பேர் இக்குறையின் காரணமாகப் பெரிய மருத்துவமனைகளில் வாழ்ந்து வந்தனர். மருத்துவமனை என்பது பெயர்தான். அவர்களுக்கு நோய் ஒன்றும் இல்லை. ஊருக்கு வெளியே நெடிய மதில். நீண்ட கூடங்களில் வரிசை வரிசையாகக் கட்டில்கள். ஒரே மணி அடித்தால் அத்தனை பேரும் எழ வேண்டும். ஒரே மணி அடித்தால் அத்தனை பேரும் உண்ண வேண்டும். 1967ஆம் ஆண்டில், வேல்ஸ் நாட்டுக் கார்டிப் நகரிலுள்ள ஈலி மருத்துவமனையில் பணிசெய்த ஒருவர், அங்கு நடப்பவற்றை ஒரு செய்தித்தாளுக்குத் தெரிவித்தார். நோயாளிகள் முரட்டுத்தனமாக நடத்தப்படுகின்றனர், அவர்களுக்குரிய உணவும் உடையும் களவு போகின்றன, கேட்பார் இல்லை என்பன அவர் கூறிய குற்றச்சாட்டுகள். ஜெப்ரி ஹோ என்ற வழக்கறிஞரின் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. பிற்காலத்தில் அந்நாட்டின் நிதியமைச்சராகவும் வெளியுறவு அமைச்சராகவும் விளங்கியவர் அவரே. குழுவின் அறிக்கை 1969இல் வெளிவந்தது.

அந்த அறிக்கையில் நாம் ஊன்றிக் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. அங்கு நடந்த தீமைகளுட் பலவற்றுக்குக் கொடிய நெஞ்சம் காரணம் என்று குழு கூறவில்லை. பழைமைப்பட்ட, கரடுமுரடான பராமரிப்பு முறையே காரணம் என்று கண்டது. கூட்டம் மிகுதி, ஆட்கள் குறைவு, வெளியுலகத் தொடர்பு இல்லை, புதிய முறைகளைக் கற்பிப்பார் இல்லை. முந்தியவர் செய்ததைப் பார்த்துப் பிந்தியவர் செய்தார். தவறு தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்தது. கொடியவரை நீக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணியிருந்தவர்களுக்கு இது ஒரு பேரிடியாக இருந்தது. சாதாரண மனிதர், தீய எண்ணம் இல்லாதவர், கற்பிக்கப்படாத காரணத்தாலேயே பிறருக்குத் தீங்கு செய்யக்கூடும் என்பதை நாடு கண்டுகொண்டது.

சரி, வேறு முறை உண்டா? உண்டு என்பதை அதற்குப் பத்தாண்டுகள் முன்னரே ஒருவர் காட்டியிருந்தார். அவர் ஜாக் டிசார்டு என்ற உளவியல் அறிஞர். நியூசிலாந்தில் 1919இல் பிறந்து இங்கிலாந்தில் குடியேறியவர். லண்டன் மாநகரின் பவுண்டன் மருத்துவமனையில் இருந்த குழந்தைகளுள் 16 பேரைத் தேர்ந்து, 1958இல் சர்ரே மாவட்டத்தில் புரூக்லண்ட்ஸ் என்னும் பெயருடைய ஒரு பெரிய வீட்டில் குடியேற்றினார். வயதிலும் திறனிலும் அவர்களை ஒத்த வேறு 16 குழந்தைகள் மருத்துவமனையிலேயே இருந்தனர். புரூக்லண்ட்சில் மருந்து ஒன்றும் புதிதாகக் கொடுக்கப்படவில்லை. குழந்தைகளைச் சிறு சிறு குடும்பங்களாகப் பிரித்தனர். ஒவ்வொரு குடும்பத்துக்கும் மாறாத வளர்ப்புத் தாயர் அமைந்தனர். விளையாட்டுப் பொருள்களும், ஓடியாட இடமும், கேட்டால் மறுமொழி சொல்லும் மனிதரும் இருந்தனர். அவ்வளவே. இரண்டு ஆண்டுகள் கழித்து இரு சாராரையும் சோதித்தபோது, மருத்துவமனைக் குழந்தைகளின் மொழியறிவு சராசரியாக 6 மாத வளர்ச்சியே பெற்றிருந்தது. புரூக்லண்ட்ஸ் குழந்தைகளின் மொழியறிவோ 14 மாத வளர்ச்சி பெற்றிருந்தது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பது பழமொழி. ஆனால் ஐந்து வயதில் வளைத்துப் பார்க்க ஒருவரும் முன்வரவில்லை என்பதே அதுவரை நடந்த கதை.

டிசார்டு அத்துடன் நிற்கவில்லை. ராய் கிங், நார்மா ரேன்ஸ் என்னும் ஆய்வாளர்களுடன் சேர்ந்து, குறையுடைய குழந்தைகள் வாழும் பல இல்லங்களை ஒப்பிட்டு ஆராய்ந்தார். அந்நூல் 1971இல் வெளிவந்தது. சில இடங்களில் குழந்தைகள் மந்தைபோல் நடத்தப்பட்டனர். குளிக்க வரிசை, உண்ண வரிசை, ஒருவர் முடித்துவிட்டாலும் மற்றவர் முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும், தமக்கென ஓர் உடையோ பொம்மையோ இல்லை. வேறு சில இடங்களில் ஒவ்வொரு குழந்தையும் தனி மனிதராக மதிக்கப்பட்டது. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் யாது? குழந்தைகளின் குறை கடுமையானதோ? இல்லை. ஆட்கள் குறைவோ, கட்டடம் பெரிதோ? அவையும் முழு விடை ஆகவில்லை. இல்லத்தின் தலைவர் எத்தகைய பயிற்சி பெற்றிருந்தார், அவர் தம் பொழுதை எப்படிச் செலவிட்டார் என்பதே பெரிதும் வேறுபாடு விளைத்தது. குழந்தை வளர்ப்பில் பயிற்சி பெற்ற தலைவர்கள் குழந்தைகளோடு பேசினார்கள். மற்றவர்களோ கணக்கேட்டோடும் சலவைத் துணியோடும் பொழுது போக்கினார்கள். தலைவர் செய்ததையே பணியாளரும் செய்தனர். பயிற்சி என்பது கடைநிலைப் பணியாளருக்கு மட்டும் உரியது என்று எண்ணுவோர்க்கு இந்த ஆராய்ச்சி நல்ல மறுமொழியாகும்.

காலம் சென்றது. பெரிய மருத்துவமனைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஊருக்குள், தெருவில், நான்கைந்து பேர் சேர்ந்து வாழும் சிறு வீடுகள் தோன்றின. வீடு மாறியவுடன் வாழ்வும் மாறிவிடும் என்று பலர் நம்பினர். மாறியது சிறிதே. புதிய வீட்டின் நல்ல நாற்காலியில் அமர்ந்து, பழைய கூடத்தில் சுவரைப் பார்த்திருந்ததுபோலவே ஒருவர் நாள் முழுதும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றிலும் பணியாளர் ஓடியாடி உழைத்தனர். சமைத்தனர், துவைத்தனர், பெருக்கினர். அன்புடன் உணவு கொண்டுவந்து அவர் மடியில் வைத்தனர். அவரோ விருந்தாளிபோல் தம் சொந்த வீட்டில் வாழ்ந்தார். அந்த வீட்டில் வாழ்க்கை நடந்துகொண்டிருந்தது. அதில் அவருக்குப் பங்கு மட்டும் இல்லை.

இந்தக் குறையை நீக்க 1980களில் ஜிம் மேன்செல், டேவிட் பெல்ஸ் முதலிய அறிஞர்கள் ஆண்டோவர் என்னும் ஊரில் ஒரு முறையை வகுத்தனர். ஆக்டிவ் சப்போர்ட் என்பது அதன் பெயர். செயலில் சேர்த்துக்கொள்ளும் உதவி என்று நாம் அதனைக் கூறலாம். இன்று பராமரிப்புப் பயிற்சியின் உயிர்நாடியாக நான் கருதுவது இம்முறையே. ஆகவே இதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

தேநீர் போடுவதை எடுத்துக்கொள்வோம். பணியாளர் தாமே போட்டால் மூன்று நிமிடம். பயிற்சி பெற்ற பணியாளர் அப்படிச் செய்வதில்லை. முதலில் அவர் கேட்கிறார்: "தேநீர் போடலாமா?" அந்தக் கேள்வியே போதுமானால், எதிரிலிருப்பவர் எழுந்து சமையலறைக்குப் போகிறார். பணியாளர் மேற்கொண்டு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. கேள்வி போதவில்லையெனில், அடுத்த படி சொல்லுதல்: "கெட்டிலை எடுங்கள், தண்ணீர் பிடியுங்கள்." சொல்லும் போதவில்லையெனில், மூன்றாம் படி குறிப்புக் காட்டுதல், குழாயை நோக்கி விரலை நீட்டினால் போதும். அதுவும் போதவில்லையெனில், நான்காம் படி செய்து காட்டுதல். குழாயைத் தாம் ஒருமுறை திறந்து மூடிக் காட்டுகிறார். அதுவும் போதாதவிடத்து, ஐந்தாம் படி கைபிடித்துச் செய்வித்தல். அவர் கையின்மேல் தம் கையை வைத்து, இருவருமாகக் குழாயைத் திருகுகின்றனர். ஐந்து படிகள். எவருக்கு எந்த இடத்தில் எந்தப் படி வேண்டும் என்பதைக் கண்டு, அதற்கு மேல் ஒரு படியும் ஏறாதிருப்பதே திறமை.

இதில் நுட்பம் எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். ஒரே மனிதருக்கு ஒரே வேலையில்கூடப் படிகள் மாறும். தண்ணீர் பிடிக்கச் சொல் போதும். தேயிலைப் பையைக் கோப்பையில் இட விரற்குறிப்பு வேண்டும். கொதிநீரை ஊற்றுவது அபாயம், அதைப் பணியாளரே செய்துவிட வேண்டும். கடுமையான குறையுடைய ஒருவர், கெட்டிலின் விசையை அழுத்துவதொன்றையே செய்யக்கூடும். ஆயினும் அது அவர் போட்ட தேநீர். அவர் அதைக் குடிக்கும்போது முகத்தைப் பார்த்தால் தெரியும். முழு வேலையும் செய்யத் தெரிந்தால்தான் தொடங்கலாம் என்று வைத்தால், அவர் ஆயுள் முழுவதும் தொடங்கப் போவதில்லை. முதலில் பழக்கிவிட்டுப் பிறகு வாழச் செய்வோம் என்பது பழைய கொள்கை. வாழ்ந்துகொண்டே பழகட்டும் என்பது இக்கொள்கை.

இதைக் கற்பதில் பணியாளருக்கு உள்ள பெரிய இடையூறு யாது? அவருடைய நல்ல மனமே! உதவும் இயல்புடையவரின் கை தானாக முன்னே நீளுகிறது. எதிரிலிருப்பவர் சட்டைப் பொத்தானோடு போராடுவதைக் கண்டு வாளாவிருக்க அவரால் முடிவதில்லை. விரைந்து சென்று போட்டுவிடுகிறார். அந்த நொடியில், மற்றவர் செய்யக்கூடியதாயிருந்த ஒன்று அவரிடமிருந்து பறிக்கப்படுகிறது. இரக்கம் மட்டும் போதாது என்று தொடக்கத்தில் கூறியதன் காரணம் இதுவே. உதவும் கையை எங்கே நீட்டுவது, எங்கே மடக்கிக்கொள்வது என்பது அறிந்து பழக வேண்டிய கலை.

இக்கலையைக் கற்பிக்கும் வழியும் ஆராயப்பட்டிருக்கிறது. முதலில் இரண்டு நாள் வகுப்பு. அடுத்துப் பயிற்றுநர் அந்த வீட்டுக்கே சென்று, பணியாளர் ஒவ்வொருவரோடும் தனித்தனியே, அங்கே வாழும் மனிதர் ஒருவருக்கு உதவும்போது உடனிருந்து, பார்த்துத் திருத்திக் கற்பித்தல். வேல்ஸ் நாட்டில் 1990களில் இம்முறையைச் சோதித்தவர்கள் இரண்டு உண்மைகளைக் கண்டனர். பயிற்சிக்கு முன் பணியாளரின் கவனம், ஓரளவு தாமே செய்துகொள்ள வல்லவர்களையே மிகுதியாகச் சென்றடைந்தது. பயிற்சிக்குப் பின், அதிகம் தேவைப்பட்டவர்களுக்கு அதிக உதவி சென்றது; அவர்கள் செயலில் ஈடுபடும் நேரமும் உயர்ந்தது. இஃது ஓர் உண்மை. வகுப்பு மட்டும் நடத்தி, வீட்டில் உடனிருந்து கற்பிப்பதை விட்டுவிட்ட இடங்களில் பயன் காணப்படவில்லை என்பது மற்றோர் உண்மை. நீந்தக் கற்பவன் கரையில் அமர்ந்து கேட்ட சொற்பொழிவு எவ்வளவு பயன்படுமோ, அவ்வளவே வகுப்பறைப் பயிற்சியும் பயன்படும். அன்றியும், தலைவர் நாள்தோறும் பார்த்து ஊக்கப்படுத்தாவிட்டால், கற்றதும் சில திங்களில் கரைந்துபோகும். தேநீருக்குக் கால்மணி நேரமா என்று கடிந்துகொள்ளும் தலைவரின் கீழ், எந்தப் பணியாளர் பொறுமையோடு காத்திருப்பார்?

உதவிக்கு அடுத்து வருவது பேச்சு. பேசாதவர் பேச்சற்றவர் அல்லர். 1970களின் தொடக்கத்தில், சர்ரேயிலிருந்த பாட்லிஸ் பார்க் மருத்துவமனையில், காதும் கேளாது அறிவு வளர்ச்சியும் குறைந்த முதியோர் சிலர் இருந்தனர். பேச்சுப் பயிற்சி நிபுணரான மார்கரெட் வாக்கர் அவர்களுக்காகக் கைக்குறிகள் அடங்கிய ஒரு சொற்றொகுதியை உருவாக்கினார். அவருடன் உழைத்த காத்தி, டோனி என்னும் இருவர் பெயரின் முதலெழுத்துகளையும் தம் பெயரின் முதலெழுத்துகளையும் சேர்த்து மகாட்டன் என்று அதற்குப் பெயரிட்டனர். இன்று இங்கிலாந்தில் பள்ளிகளிலும் இல்லங்களிலும் அது பெருவழக்காக உள்ளது. இதன் சிறப்பு, பணியாளர் கற்க வேண்டியிருக்கிறது என்பதில்தான். ஊமையென்று விடப்பட்டவரின் மொழியை மற்றவர் கற்கவேண்டும் என்ற எண்ணமே புதிது.

குறிகளையும் அறியாதவர்க்கு என்ன வழி? ஹார்பர்பரி மருத்துவமனைப் பள்ளியில் டேவ் ஹியூவெட், மெலனி நின்ட் முதலிய ஆசிரியர்கள் 1980களில் ஒரு வழியைப் பண்படுத்தினர். நம் வீட்டுத் தாய்மார் யாவரும் அறிந்த வழி அது. தொட்டிற் குழந்தை 'ங்கா' என்றால் தாயும் 'ங்கா' என்கிறாள். குழந்தை நிறுத்தினால் அவளும் நிறுத்தி, அதன் முகம் நோக்கிக் காத்திருக்கிறாள். அங்கேயே உரையாடல் தொடங்கிவிடுகிறது. தமக்குள் மூழ்கி முன்னும் பின்னும் அசைந்துகொண்டிருக்கும் ஒருவரின் அருகே அமர்ந்து, அவர் எழுப்பும் ஒலிக்கும் அசைவுக்கும் மறுமொழி தந்து, அவர் திரும்பிப் பார்க்கும் நேரத்துக்குக் காத்திருப்பதையே இம்முறை கற்பிக்கிறது. வளர்ந்தவரைக் குழந்தையாக்குவது இதன் நோக்கமன்று. அவர் அறிந்த ஒரே மொழியில் அவரோடு பேசுவதே நோக்கம்.

இனி, பயிற்சியே தீமையானதையும் கூறியாக வேண்டும். பிரிஸ்டல் நகருக்கு அருகே வின்டர்போர்ன் வியூ என்ற தனியார் மருத்துவமனை இருந்தது. அங்கு நடந்த கொடுமைகளை 2011ஆம் ஆண்டு மே மாதத்தில் பி.பி.சி. தொலைக்காட்சி மறைவில் படமெடுத்து வெளியிட்டது. ஊழியர் நோயாளிகளை அடித்தனர், தரையில் கிடத்தி அழுத்தினர், ஏளனம் செய்தனர். 11 பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டு 2012இல் தண்டனை பெற்றனர். அவர்களுள் 6 பேர் சிறை சென்றனர். மருத்துவமனை மூடப்பட்டது. அங்கிருந்த ஊழியருக்குப் பயிற்சி இல்லாமல் இல்லை. ஆனால் அப்பயிற்சி, முரண்டு செய்பவரை எப்படிப் பிடித்து அடக்குவது என்பதிலேயே பெரிதும் கருத்துச் செலுத்தியது. அடக்கக் கற்றவர் அடக்கினர். அடியாத மாடு பணியாது என்ற பழமொழியை மனிதர்மேல் ஏவிப் பார்த்ததன் விளைவு இது.

முரட்டுச் செய்கைக்குப் பின்னால் ஒரு செய்தி இருக்கிறது என்பதே நல்ல பயிற்சியின் முதற்பாடம். சொல் இல்லாதவர் வேறு எதனால் பேசுவார்? ஒருவர் தலையைச் சுவரில் மோதிக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 'அவர் இயல்பே அது' என்று விட்டுவிடுவது எளிது. பயிற்சி பெற்றவர் அது எப்போது நேர்கிறது, அதற்கு முன் என்ன நடந்தது, பின் என்ன நடந்தது என்று நாள்தோறும் குறித்து வைக்கிறார். உணவுக்குப் பின் மட்டும் நேர்கிறதென்றால் பல் வலியோ, காதில் புண்ணோ, வயிற்றுக் கோளாறோ என்று ஐயுற்று மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறார். குறிப்பேடும் எழுதுகோலும் செய்யும் வேலையை, பிடித்து அடக்கும் நான்கு கைகள் செய்யமாட்டா.

இவ்வாறு பார்க்கத் தவறுவதால் உயிர்கள் போகின்றன. இதை வெறும் அலங்காரச் சொல்லாகக் கூறவில்லை. இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதியில், இக்குறையுடையோர் 247 பேரின் மரணங்களை ஆராய்ந்த விசாரணை ஒன்றின் அறிக்கை 2013இல் வெளிவந்தது. பிற மக்களை நோக்க, இவர்களுள் ஆண்கள் 13 ஆண்டுகளும் பெண்கள் 20 ஆண்டுகளும் முன்னதாகவே இறந்துவிடுகின்றனர் என்று அது காட்டியது. நோயின் அறிகுறியைக் குறையின் அறிகுறியாகக் கொண்டு புறக்கணிப்பது இத்தகைய மரணங்களுக்குப் பெரிய காரணங்களுள் ஒன்று. ஓயாது அழுகிறாரா? 'அவர் அப்படித்தான்.' உணவை மறுக்கிறாரா? 'அவர் அப்படித்தான்.' இந்த 'அப்படித்தான்' என்ற ஒரு சொல், கொல்லும் சொல்லாகிவிடுகிறது. நாள்தோறும் உடனிருக்கும் பணியாளரே மாற்றத்தை முதலில் காணக்கூடியவர். நேற்று இருந்தவாறு இன்று இல்லை என்று அவர் துணிந்து சொல்லவும், அதை மருத்துவர் செவிமடுக்கவும் வேண்டும். அதற்கும் பயிற்சி வேண்டும். இம்முறை மருத்துவருக்கும் சேர்த்து.

ஆலிவர் மெக்கோவன் என்ற இளைஞரின் மரணம் இதனை நாட்டுக்கு உணர்த்திற்று. சிறிதளவு அறிவுசார் குறைபாடும் ஆட்டிசமும் வலிப்பு நோயும் உடையவர் அவர். 2016ஆம் ஆண்டில் வலிப்புக்காகப் பிரிஸ்டல் நகர மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்டார். மனநோய்க்குரிய மருந்து வகை தமக்கு ஒவ்வாது என்று அவரும் சொன்னார், பெற்றோரும் சொன்னார்கள். ஆயினும் அவ்வகை மருந்து கொடுக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் மாதம், 18 வயதில் அவர் இறந்தார். மகனை இழந்த தாய், உடல்நலப் பணியிலும் பராமரிப்புப் பணியிலும் உள்ள அனைவரும் இக்குறைகளைப் பற்றிப் பயிற்சி பெற வேண்டும் என்று நாடு முழுதும் இயக்கம் நடத்தினார். அதன் பயனாக, 2022ஆம் ஆண்டின் உடல்நல, பராமரிப்புச் சட்டம் இங்கிலாந்தில் அதனைக் கட்டாயமாக்கியது. அரசின் மேற்பார்வைக்கு உட்பட்ட மருத்துவமனைகளும் இல்லங்களும், தம் பணியாளருக்கு அவரவர் பொறுப்புக்கு ஏற்ற பயிற்சி அளித்தாக வேண்டும். இதற்கென வகுக்கப்பட்ட பயிற்சிக்கு அந்த இளைஞரின் பெயரையே சூட்டியிருக்கின்றனர்.

அப்பயிற்சியில் இரண்டு நிலைகள் உண்டு. குறையுடையோரை எப்போதேனும் சந்திப்பவருக்கு ஒரு நிலை. நேரே அவர்களுக்குப் பணிசெய்பவருக்கு ஒருநாள் வகுப்புடன் கூடிய மேல்நிலை. ஒருநாள் போதுமா என்று கேட்டால், போதாது என்றே நான் சொல்வேன். வேல்ஸ் நாட்டில் கண்ட உண்மையை நாம் மறத்தலாகாது. சட்டம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. உள்ளே சென்று உடனிருந்து கற்பிக்கும் வேலை ஒவ்வோர் இல்லத்துக்கும் எஞ்சியே நிற்கிறது. ஆயினும் இப்பயிற்சியில் பாராட்டத்தக்க புதுமை ஒன்று உண்டு. அறிவுசார் குறைபாடு உடையவர்களும் ஆட்டிசம் உடையவர்களும் ஆசிரியராக நின்று கற்பிக்கின்றனர். பவுண்டன் மருத்துவமனையில் ஒன்றும் கற்க இயலாதவர் என்று ஒதுக்கப்பட்டோர் வரிசையில் வந்தவர்கள், இன்று செவிலியருக்கும் மருத்துவருக்கும் பாடம் சொல்கின்றனர். 'என்னிடம் பேசுங்கள்; என்னுடன் வந்தவரிடம் பேசாதீர்கள். மெல்லப் பேசுங்கள். நான் விடை சொல்லும்வரை காத்திருங்கள்.' இத்தகைய எளிய பாடங்களை அவர்கள் வாயால் கேட்பதற்கும் நூலிற் படிப்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

நம் நாட்டில் இத்தகையோரைப் பெரும்பாலும் தாயும் தமக்கையும் பாட்டியுமே வீட்டில் வைத்துக் காக்கின்றனர். இங்கிலாந்தில் இல்லப் பணியாளருக்குச் சொன்ன பாடம் அவர்களுக்கும் பொருந்தும். மகனுக்கு முப்பது வயதான பின்னும் சோற்றைப் பிசைந்து ஊட்டும் தாயின் அன்பை யார் குறைகூற முடியும்? ஆனால், எனக்குப் பின் இவனை யார் பார்ப்பார் என்ற கவலையில் அவள் உறங்காதிருக்கிறாளே, அந்தக் கவலைக்கு ஒரு சிறு மருந்து அவள் கையிலேயே இருக்கிறது. தட்டை அவன் முன் வைத்து, அவன் கையின்மேல் தன் கையை வைத்து, ஒரு கவளத்தை அவனே எடுக்கச் செய்வதுதான் அந்த மருந்து. இன்று ஒரு கவளம், நாளை இரண்டு. அரைமணியில் முடிவது ஒருமணி ஆகும். தரையில் சோறு சிந்தும். சிந்தட்டும்.

பராமரிப்புப் பணியை எவரும் செய்யலாம் என்ற எண்ணம் மறைய வேண்டும். நாள் முழுதும் ஒருவரைக் கூர்ந்து பார்த்து, அவர் சொல்லாததைக் கேட்டு, வேண்டிய அளவு மட்டுமே உதவி, மிஞ்சியதை அவருக்கே விட்டுக்கொடுப்பது எளிய காரியமன்று. அதற்குரிய பயிற்சியும், பயிற்சிக்குத் தக்க ஊதியமும், ஊதியத்துக்கு மேலான மதிப்பும் அப்பணியாளருக்குத் தரப்பட வேண்டும். அவற்றைத் தரும் சமூகத்தில்தான், அவர் உதவியை நம்பி வாழ்பவருக்கும் மதிப்புக் கிடைக்கும். இருவரின் மதிப்பும் ஒரே தராசின் ஒரே தட்டில் வைக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று தாழ்ந்தால் மற்றதும் உடன் தாழும்.